கேன்சர் மருந்து ஓடும்போது சளி, இருமல், காய்ச்சல்: மருந்துச் சீட்டைப் பார்த்தே தயாராவது எப்படி

கேன்சருக்கு மருந்து ஏறத் தொடங்கியதும் வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள்: "எதிர்ப்பு சக்தி குறைஞ்சிடும், பத்திரமா பார்த்துக்கோங்க." சரி, பார்த்துக்கொள்கிறோம், ஆனால் எதைப் பார்ப்பது? எத்தனை நாளைக்கு? மருந்து ஏறிய மறுநாளே பயப்பட வேண்டுமா, பத்தாம் நாள் பயப்பட வேண்டுமா, மருந்தெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்தா? இதற்குப் பதில் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரே பொருள் கிடையாது, அதில் பல பிரிவுகள் உண்டு. ஒரு மருந்து ஒரு பிரிவைக் குறைக்கும், இன்னொரு மருந்து வேறொன்றை. எந்தப் பிரிவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கிருமி வரும், எப்போது வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதை வீட்டில் இருப்பவர்களே எப்படிக் கணக்குப் போட்டு வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. மருத்துவருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலை ஏன் தனியாகப் பேச வேண்டும் என்றால், அது வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடக்கும் உறுப்பு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது, அதோடு தூசி, பூஞ்சை விதை, பாக்டீரியா எல்லாம் போகிறது. மூச்சுக்குழாயில் இருக்கும் சளியும் நுண்ணிய முடிகளும் பெரும்பாலானதைப் பிடித்து மேலே தள்ளிவிடும். அதையும் தாண்டிப் போவதை காற்றறைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் தின்றுவிடும். அவற்றால் முடியாதபோது ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சேரும். இது ஒரு பிரிவு. பி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் தயாரிக்கும் ஆன்டிபாடிகள் (கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்) இன்னொரு பிரிவு. டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் மூன்றாவது. நியூட்ரோஃபில் குறைந்தால் குளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையும் உள்ளே வரும். ஆன்டிபாடி குறைந்தால் நிமோகாக்கஸ் மாதிரி, சாதாரண ஆட்களுக்கும் நிமோனியா கொண்டுவரும் கிருமிகள் திரும்பத் திரும்ப வரும். டி அணு குறைந்தால் காசநோய், நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை, சிஎம்வி போன்ற வைரஸ்கள். இந்த மூன்று வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

மருந்துச் சீட்டை எடுத்து வையுங்கள்

டே கேர் வார்டில் கீமோ முடிந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள். அன்று ஏறிய மருந்துகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் அதில் இருக்கும். பலர் அதை பில்லோடு சேர்த்து மடித்து வைத்துவிடுகிறார்கள். அதை எடுங்கள். ஒரு உதாரணமாக ஆர்-சாப் என்ற கூட்டு மருந்தைப் பார்ப்போம், பி அணு லிம்போமாவுக்கு (ஒரு வகை நிணநீர்ப் புற்று) நம் ஊரில் அதிகமாகக் கொடுப்பது இதுதான், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு சுற்று. இந்த ஒரே சீட்டுக்குள் எதிர்ப்பு சக்தியை மூன்று விதமாகக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

சைக்ளோஃபாஸ்ஃபமைடும் டாக்ஸோரூபிசினும் (அந்தச் சிவப்பு மருந்து, ஏறிய பிறகு சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும்) வேகமாகப் பிரியும் அணுக்களை அடிப்பவை. எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில்கள் நாள் முழுக்க உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதால் அந்த உற்பத்தியும் சேர்ந்து அடிபடுகிறது. இது தற்செயலாக வந்த பக்கவிளைவும் இல்லை. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயு தாக்கிய வீரர்களுக்கு வெள்ளை அணுக்கள் சரிந்ததைக் கவனித்திருந்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டைத்தான் 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் இருவரும் முன்னின்று லிம்போமா நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடு அந்த வம்சத்தில் வந்த மருந்து. வெள்ளை அணுவைக் குறைக்கும் குணத்திலிருந்துதான் கீமோவே பிறந்தது என்று சொல்லலாம்.

மருந்து ஏறிய அன்றே கவுன்ட், அதாவது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களின், முக்கியமாக நியூட்ரோஃபில்களின், எண்ணிக்கை விழுந்துவிடாது. மஜ்ஜையில் ஏற்கெனவே தயாராகி நிற்கும் நியூட்ரோஃபில்கள் சில நாட்களுக்குத் தாங்கும், அதன்பிறகுதான் வெற்றிடம் தெரியும். அதனால்தான் பெரும்பாலான கீமோக்களில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை கவுன்ட் அடிமட்டத்தில் இருக்கும், மூன்றாவது வாரத்தில் ஏறி வரும். காலண்டரில் மருந்து ஏறிய நாளை 1 என்று போட்டு, 7 முதல் 14 வரை சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். முதல் சுற்றில் கூடுதல் கவனம் வேண்டும், இவருக்கு எவ்வளவு இறங்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது முதல் சுற்றில்தான் அதிகம்.

அடுத்தது ரிட்டுக்ஸிமாப். இது பி அணுக்களின் மேல் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்து அழிக்கும் ஆன்டிபாடி மருந்து, அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. நல்ல பி அணு, கெட்ட பி அணு என்று இது பார்ப்பதில்லை. ஏற்கெனவே ஆன்டிபாடி தயாரித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்மா அணுக்களில் சிடி20 இல்லாததால் பழைய ஆன்டிபாடிகள் கொஞ்ச காலம் ஓடும், ஆனால் புதிதாக ஒரு கிருமியோ தடுப்பூசியோ வந்தால் உடம்பு கற்றுக்கொள்வது கடினம். கடைசி டோஸுக்குப் பிறகு பி அணுக்கள் திரும்பி வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கீமோ முடிந்தது, முடி முளைத்துவிட்டது, ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று மாஸ்கைக் கழற்றிவிடுகிறார்கள். சாதாரண சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி அளவு தெரியவே தெரியாது. அதற்கு ஐஜிஜி என்ற தனிப் பரிசோதனை வேண்டும்.

மூன்றாவது பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள். ஸ்டீராய்டு டி அணுக்களைக் குறைக்கும், மேக்ரோஃபேஜை மந்தமாக்கும், சர்க்கரையை ஏற்றும். இன்னொரு குறும்பும் அதற்கு உண்டு. ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, திசுவுக்குள் நுழையத் தயாராக நிற்கும் நியூட்ரோஃபில்களை அது பிரித்து ரத்த ஓட்டத்தில் விட்டுவிடும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கவுன்ட் ஏறியிருக்கும். "பரவாயில்லையே, 14,000 இருக்கே" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், ஆனால் அந்த அணுக்கள் ரத்தத்தில்தான் சுற்றுகின்றன, நுரையீரலுக்குள் போய்ச் சேருவது குறைந்திருக்கும். காய்ச்சலையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும் என்பதால் அந்த ஐந்து நாளில் உடம்பு சுடவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது.

சீட்டில் நான்காவதாக இருக்கும் வின்கிரிஸ்டின் கவுன்ட்டைப் பெரிதாகத் தொடாது. அது நரம்புக்கும் மலச்சிக்கலுக்கும் பேர்போனது.

உங்கள் சீட்டில் வேறு பெயர் இருந்தால்

எல்லா மருந்துக்கும் ஒரே பயம் வேண்டாம். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பவை கிடையாது, அதை எடுப்பவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கத் தேவையில்லை. பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் மாத்திரைகளில் கவுன்ட் அடிக்கடி இறங்கும், ஆனால் காய்ச்சலோடு சிக்கலாவது கீமோவை விட மிகக் குறைவு. மறுபக்கம், ஃப்ளூடாராபின், பெண்டமுஸ்டின் இரண்டும் டி அணுக்களை மாதக்கணக்கில் தரையில் வைத்திருக்கும். மூளைக் கட்டிக்கு ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுக்கும் டெமோசோலோமைடு லிம்போசைட்டைக் (பி, டி அணுக்கள் சேர்ந்த வகை) குறைப்பதால் அதோடு நிமோசிஸ்டிஸ் தடுப்பு மருந்தும் சேர்த்தே கொடுப்பது வழக்கம். போர்டெசோமிப் எடுப்பவர்களுக்கு அக்கி வரும் என்று அசைக்ளோவிர் கொடுப்பார்கள். இப்ரூட்டினிப் எடுப்பவர்களுக்குக் கவுன்ட் சரியாக இருக்கும்போதே ஆஸ்பெர்ஜில்லஸ் வந்திருக்கிறது, ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் ஜாக்கிரதை. ரக்ஸோலிட்டினிப் என்றால் பழைய காசநோயைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். ரத்தப் புற்றுக்கான முதல் கட்ட கீமோ, ஸ்டெம்செல் மாற்று இரண்டிலும் கவுன்ட் வாரக்கணக்கில் எழாமல் கிடக்கும், அது தனி உலகம், அங்கே வார்டு சொல்வதை அப்படியே கேளுங்கள்.

பெயர் தெரியாத மருந்தாக இருந்தால் மருத்துவரிடம் இப்படிக் கேட்கலாம்: "இது கவுன்ட்டைக் குறைக்குமா, ஆன்டிபாடியைக் குறைக்குமா, டி அணுவைக் குறைக்குமா? எத்தனை நாளுக்கு? தடுப்பு மாத்திரை ஏதாவது வேண்டுமா?" கூட்டம் நிறைந்த ஓபியில்கூட இதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். "எதிர்ப்பு சக்தி குறையுமா டாக்டர்?" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கவுன்ட்டை நீங்களே கணக்குப் போடுவது

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வேண்டியது நியூட்ரோஃபில்களின் மொத்த எண்ணிக்கை. மொத்த வெள்ளை அணு 2,400, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் 2,400-இல் 20 சதவீதம், அதாவது 480. சில லேப்களில் 2.4 என்று ஆயிரத்தில் போட்டிருப்பார்கள், அதுவும் 2,400தான். 1,500-க்கு மேல் இருந்தால் நல்லது. 1,000-க்குக் கீழே கவனம். 500-க்குக் கீழே போனால் காய்ச்சல் என்பது அவசர நிலை. 100-க்குக் கீழே என்றால் ரொம்பவே ஆபத்தான இடம். கவுன்ட் எவ்வளவு கீழே போகிறது, எத்தனை நாள் கீழே கிடக்கிறது என்ற இரண்டையும் பொறுத்துத் தொற்று கூடுகிறது என்பதை 1966-இலேயே ஜெரால்ட் போடியும் உடனிருந்தவர்களும் லுகேமியா (ரத்தப் புற்று) நோயாளிகளிடம் எண்ணிக் காட்டினார்கள், இன்றைக்கும் அந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லா வார்டும் ஓடுகிறது.

கவுன்ட்டை ஏற்ற ஃபில்கிராஸ்டிம், பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி போடுவார்கள். கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் போட வேண்டும், அதனால் "நாளைக்கு மறுபடி வரணுமா, இன்னைக்கே போட்டுடுங்களேன்" என்று நர்ஸை வற்புறுத்தாதீர்கள். ஊசியை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் கூடாது. போட்ட பிறகு இடுப்பு, முதுகு எலும்பில் குடைகிற மாதிரி வலி வரும், அது மஜ்ஜை வேலை செய்வதன் வலி. அந்தச் சமயத்தில் ரத்தம் எடுத்தால் 25,000, 30,000 என்றுகூடக் காட்டலாம், புற்று பரவிவிட்டதோ என்று பதறாதீர்கள். ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் காய்ச்சல்தான், விதி மாறாது.

காய்ச்சல் வந்தால்

நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், கூடவே இன்னொரு பேட்டரியும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது இந்த வீட்டில் இனி செல்லாது. வாயில் வைத்துப் பாருங்கள், சூடாக எதையாவது குடித்திருந்தால் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது, எனிமாவும் கூடாது, அந்த மெல்லிய தோல் கிழிந்தால் அதுவே கிருமிக்கு வாசல். ஒருமுறை பார்த்து 101 ஃபாரன்ஹீட், அதாவது 38.3 செல்சியஸ் காட்டினாலோ, 100.4, அதாவது 38 செல்சியஸ் ஒரு மணி நேரம் நீடித்தாலோ கிளம்புங்கள். பல மருத்துவமனைகள் 100.4 வந்தாலே போன் செய்யச் சொல்கின்றன, உங்கள் மருத்துவமனை எந்த எண்ணைச் சொன்னதோ அதைப் பின்பற்றுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்றே பார்க்க வேண்டாம், கிளம்புங்கள்.

அளந்து பார்க்காமல் டோலோ (பாரசிட்டமால்) போடாதீர்கள். இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. உடம்பு லேசாகச் சுட்டதும் மாத்திரை, நாலு மணி நேரம் கழித்து வியர்த்து இறங்கியதும் "சரியாப் போச்சு", மறுபடி ராத்திரி ஏறும்போது இன்னொரு மாத்திரை என்று ஒரு நாளை ஓட்டிவிடுவார்கள். 500-க்குக் கீழே கவுன்ட் இருக்கும் உடம்பில் அந்த ஒரு நாளுக்குள் கிருமி ரத்தத்தில் ஏறி பிரஷரை இறக்கிவிடும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட இலக்கு. ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள். நடு இரவென்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், வண்டி இல்லையென்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

கேஷுவாலிட்டியில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "காய்ச்சல், ரெண்டு நாளா டயர்டா இருக்காங்க" என்றால் டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "கேன்சர் பேஷன்ட், கீமோ போட்டு இன்றைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல் 101, கவுன்ட் குறைந்திருக்கும்." மருந்துச் சீட்டை அப்போதே நீட்டுங்கள். போர்ட் அல்லது பிக் லைன் (மருந்து ஏற்ற உடம்பில் பொருத்தி வைத்த குழாய்) இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதிலிருந்தும் கல்ச்சர் எடுப்பார்கள். எங்கள் சித்திக்கு ஒருமுறை இரவு காய்ச்சல் வந்து போனபோது எக்ஸ்ரே எடுத்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "லங்ஸ் க்ளியரா இருக்கும்மா, இருமலுக்கு சிரப் எழுதறேன்" என்று பேனாவை எடுத்துவிட்டார். சித்தி நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தார், பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கவுன்ட் வரும்வரை போகமாட்டோம் என்று உட்கார்ந்தோம். 300 என்று வந்தது. அதன்பிறகு அந்த இடத்தின் வேகமே மாறிவிட்டது.

அந்த மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கவுன்ட் இல்லாத நுரையீரல் அப்படித்தான் ஏமாற்றும். நிமோனியாவில் எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளை நிழலுக்கும், மஞ்சளும் பச்சையுமாக வரும் சளிக்கும் பெரும் பங்கு நியூட்ரோஃபில்களுடையது. அவையே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? வறட்டு இருமல், லேசான நெஞ்சு வலி, காய்ச்சல், அவ்வளவுதான் இருக்கும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் எடுப்பது அதனால்தான், பூஞ்சை நிமோனியா சிடியில்தான் முதலில் பிடிபடும். இதன் மறுபக்கமும் உண்டு: நாலைந்து நாளில் கவுன்ட் ஏறி வரும்போது சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் திடீரென்று கூடும், எக்ஸ்ரேயும் மோசமாகத் தெரியும். அணுக்கள் சண்டைக்கு வந்து சேர்ந்ததால் அப்படி ஆகலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது வார்டு மருத்துவர், நீங்கள் உடனே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலே இல்லாமல் வருவது

டி அணு குறைந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் வரும் நிமோசிஸ்டிஸ் நிமோனியா மெதுவாக நுழையும். வறட்டு இருமல், உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது, பாத்ரூம் வரை நடந்து வந்தால் மூச்சு வாங்கும். இதைப் பிடிக்க, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நன்றாக உதவும். விரலைச் சூடாக்கிக்கொண்டு, நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிட்டு, உட்கார்ந்தபடி ஒருமுறை பாருங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே ஒரு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். உட்காரும்போது 97 இருந்தது நடந்ததும் 92, 93-க்கு இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே இருந்தால் போன் செய்து காத்திருக்க வேண்டாம், நேராகப் போய்விடுங்கள். அவருக்கே தெரியாமல் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள், சும்மா இருக்கும்போதே 24-க்கு மேல் போனால் ஏதோ சரியில்லை.

இதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, விலையும் மலிவு: கோ-ட்ரைமாக்ஸசோல், கடைகளில் செப்ட்ரான், பேக்ட்ரிம் என்ற பெயர்களில் கிடைக்கும். பிரெட்னிசோலோன் தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ நாலு வாரத்துக்கு மேல் ஓடினால் கேன்சர் நோயாளிகளுக்கு இதைக் கொடுப்பது பொதுவான வழக்கம். பலருக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும். ஆர்-சாப் எடுப்பவர்களுக்குக் கொடுப்பதா என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும், கேட்டுவிடுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் தாங்களாக இதைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை மோசமாக அடிபடும். இந்தத் தடுப்பு மாத்திரைகளை "ஏற்கெனவே இத்தனை மாத்திரை, இது எதுக்கு" என்று பாதியில் நிறுத்துவதுதான் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

காசநோயை மறக்கக் கூடாது. உலகத்தில் வரும் காசநோயில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியாவில்தான். நம்மில் பலருக்கு அந்தக் கிருமி நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கிறது, டி அணு குறையும்போது விழிக்கும். சின்ன வயதில் காசநோய்க்கு மருந்து எடுத்தது, வீட்டில் யாருக்காவது இருந்தது, இதையெல்லாம் மருந்து தொடங்கும் முன்னரே சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை என்றால் சளிப் பரிசோதனை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பல கேன்சர் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், அதனால் காசநோய் மருத்துவரும் கேன்சர் மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேச வேண்டும். அவர்கள் பேசும்வரை நீங்கள் நச்சரிக்க வேண்டும்.

இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் வகை மருந்துகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பவை இல்லை, அதன் பிரேக்கை எடுத்துவிடுபவை. இந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கொடுத்தார்கள். பிரேக் இல்லாத டி அணுக்கள் சிலருக்கு நுரையீரலையே தாக்கும். அதை நிமோனைட்டிஸ் என்பார்கள். இருமல், மூச்சு வாங்குதல், ஆக்சிஜன் இறங்குதல் என்று பார்ப்பதற்கு அப்படியே நிமோனியா மாதிரி இருக்கும், ஆனால் கிருமி இருக்காது. இதற்கு வைத்தியம் ஸ்டீராய்டு, ஒரு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள். அந்த ஸ்டீராய்டு ஓடும் காலத்தில்தான் உண்மையான தொற்று பயம் தொடங்குகிறது, மேலே சொன்ன கோ-ட்ரைமாக்ஸசோல் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். எவரோலிமஸ், ஜெஃபிட்டினிப், ஓசிமெர்டினிப், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், ப்ளியோமைசின் இவையும் கிருமி இல்லாமலே நுரையீரலைப் புண்ணாக்கக்கூடியவை. இந்த மருந்துகளில் ஏதாவது ஓடும்போது புதிதாக இருமல் வந்தால், பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சமாளிக்காதீர்கள். மருந்தா, கிருமியா என்று பிரித்துப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள்.

வீட்டில்

தடுப்பூசியிலிருந்து தொடங்கலாம். ஃப்ளூ ஊசி வருடம் ஒருமுறை, நிமோகாக்கஸ் ஊசி மருத்துவர் சொல்லும் வரிசையில். முடிந்தால் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பு. உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள், அதாவது அம்மை வகைகள், பிசிஜி, மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து, இவை நோயாளிக்குக் கூடாது. ரிட்டுக்ஸிமாப் ஓடும்போது போட்ட ஊசி சரியாகப் பிடிக்காது, அதனால் வீட்டில் கூட இருப்பவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதுதான் நோயாளிக்கு உண்மையான பாதுகாப்பு.

பூஞ்சை விதை எங்கெல்லாம் பறக்கும் என்று பாருங்கள். பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்வது, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி வெள்ளையடிப்பது, பக்கத்து மனையில் சுவர் இடிப்பது, வைக்கோல் போர், எருக்குழி, ஈரம் ஊறிப் பூத்த சுவர், புறா அடைகிற பால்கனி. சிவப்பு வட்ட நாட்களில் இது எதுவும் அவர் மூச்சுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. தூசிக்குத் துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். இதோடு சாமி அறை ஊதுபத்தியையும் வீட்டுக்குள் பீடி, சிகரெட்டையும் நிறுத்துங்கள், புகை அந்த நுண்ணிய முடிகளை முடக்கிவிடும்.

வாய்க்குள் இருக்கும் கிருமிதான் தூக்கத்தில் கீழே இறங்கி நுரையீரலுக்குப் போகிறது. கீமோவில் வாய் புண்ணாகியிருக்கும்போது இன்னும் அதிகம். மெல்லிய பிரஷ், சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் உப்பும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரில் கொப்பளிப்பது, இரண்டும் கட்டாயம். படுத்தே கிடக்காமல் உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். நீராவி பிடித்தால் நிமோனியா தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, முகம் வெந்ததுதான் மிச்சமாகும். சாப்பாட்டில் பழமே கூடாது, காயே கூடாது என்று பட்டினி போடாதீர்கள், அந்தக் கடுமையான பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. நன்றாகக் கழுவித் தோலுரித்த பழம், சூடாகச் சமைத்த சாப்பாடு போதும். ரோட்டோர ஜூஸ், நேற்று வைத்த குழம்பு, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று கஷாயம் கொடுப்பதாக இருந்தால் அதன் பெயரையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, எந்தெந்த மருந்து, கடைசியாக ஏறிய தேதி, ஸ்டீராய்டு நிறுத்திய தேதி, கடைசிக் கவுன்ட் என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர் என்றால் கடைசித் தேதியிலிருந்து ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசிகளைப் பற்றி மறுபடி கேளுங்கள். அந்த வருடத்தில் சைனஸ் தொல்லையோ நிமோனியாவோ இரண்டாவது முறை வந்தால், இந்தத் தாளைக் காட்டி ஐஜிஜி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு ரொம்பக் குறைவாக இருந்து தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடிகளையே மருந்தாக) ஏற்றுவது உண்டு, விலை அதிகம், காப்பீட்டில் வருமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.